நான்காம் எண் துணி

ஆகஸ்ட் 1, வெள்ளி

என் மனைவி வசந்தாமணி தன் பழைய கிளிப்பச்சைப் புடவையைக் கிழித்து ஏழு துண்டு கொடுத்தாள். "இதையாவது தொலைக்காம வெச்சுக்குங்" என்று ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாள். அதற்காகவே மார்க்கர் பேனாவால் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டேன். ஏழு போனால் ஏழு திரும்பி வர வேண்டும். என் தொழிலில் எல்லாமே எண்ணிக்கைதான்.

இன்று சரவணம்பட்டி அடுக்குமாடியில் மூன்றாம் மாடி சி வீடு. வாங்கியவர் சிங்கப்பூரில் இருக்கிறார். பில்டரின் இன்ஜினியர் கௌதமன் என்று ஒரு இளைஞன், வாசலிலேயே சிரித்தபடி நின்றான். சைட்டில் ஒருவன் சிரித்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். "வீட்ல என்ன சார் அப்படிப் பாப்பீங்க?" என்றான். எல்லாம் பார்ப்பேன் என்றேன். டைல்ஸை இரும்புக் கம்பியால் தட்டினால் அடியில் கலவை இல்லாத இடம் காலிப் பானைபோலச் சத்தம் போடும். குளியலறைத் தரையில் கோலிக்குண்டை விட்டால் அது தண்ணீர் வடியும் ஓட்டைக்கு உருள வேண்டும். இங்கே வாசல் பக்கம் உருண்டது. அதையும் எழுதினேன். இருபத்தாறு வருடம் சைட் இன்ஜினியராக இருந்து குறைகளை எப்படி மூடுவது என்று கற்றவன் நான். இப்போது அவற்றைத் திறந்து காட்டிப் பிழைக்கிறேன். எனக்கு யார் காது குத்த முடியும்?

கடைசியில் தண்ணீர் தேக்கும் சோதனை. பொதுக் குளியலறை ஒன்று, படுக்கையறையோடு சேர்ந்தது ஒன்று, ஒரு பால்கனி. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு துணியை ஆழமாக அமுக்கி, மேலே இன்னொன்றை வைத்து இறுக்கி, இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டேன். ஒரு நாள் முழுக்க நின்றால் கீழ்வீட்டுக் கூரை உண்மையைச் சொல்லிவிடும். ஒவ்வொரு ஓட்டையையும் துணியோடு படம் எடுத்தேன். வாய்ச்சொல்லை நான் நம்புவதில்லை.

ஹோஸ் பிடித்தவர் பிளம்பர் மயில்சாமி. அன்னூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் குடிவந்த பிறகு கட்டடத்தின் நிரந்தர பிளம்பராக அவரையே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம். கீழே ஒரு அறையும் தருவார்களாம். "ஊட்டுக்காரிய கூட்டியாந்து இங்கயே இருந்துக்கலாமுங்" என்றார். கேட்காமலே சொந்தக் கதை சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் ஜாக்கிரதை உண்டு.

ஆகஸ்ட் 2, சனி

இரண்டாம் மாடி சி வீட்டுக் கூரையில் ஈரமானி வைத்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. ஒன்று தேறியது.

மேலே போய்த் தண்ணீரைத் திறந்துவிடும்போது வசந்தாமணியிடமிருந்து போன். கொல்லைக் குழாய் சொட்டிச் சொட்டி பக்கெட் வழிகிறதாம், எப்போதுதான் பார்ப்பீர்கள் என்றாள். மூன்று மாதமாக இதே பாட்டு. அவளிடம் பேசிக்கொண்டே துணிகளை உருவி, படம் எடுத்து, பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பொதுக் குளியலறையில் மட்டும் தண்ணீர் மெதுவாக வடிந்தது. குழாயில் சிமெண்ட் விழுந்திருக்கும். இந்தச் சைட் ஆட்கள் ஓட்டையை மூடாமல் பூசுகிறவர்கள். "நான் கழட்டிப் பாக்கறனுங்" என்றார் மயில்சாமி. என் ரிப்போர்ட் போகிறவரை எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். குறையைச் சரி செய்துவிட்டு, குறையே இல்லை என்று சாதிப்பார்கள். பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

துணிகளைத் துவைக்க எடுத்தேன். ஆறுதான் இருக்கிறது. நான்காம் எண் இல்லை.

வசந்தாமணியைக் கேட்டேன். அடுப்பில் பாத்திரம் இறக்க எடுத்திருப்பாள். இல்லவே இல்லை என்றாள். "கொடுத்ததே நானுங்க. நானே திருடுவனா?"

"திருடுனேன்னு நான் சொன்னேனா?"

"உங்க முகம் சொல்லுதுங்."

அவள் குளிக்கப் போன சமயம் சமையலறையில் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கோ வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பீளமேட்டில் ஒரு தனி வீடு. பதினெட்டு பிளக் பாயிண்டில் பதினொன்றுக்கு எர்த் இல்லை. எலக்ட்ரீஷியன், "அது எதுக்குங் சார், கரண்ட் வருதில்லீங்?" என்கிறான். நிலைக்கதவு ஒரு விரல் சாய்ந்து நிற்கிறது. வீட்டுக்காரர் வாஸ்துப்படி சரியா என்று கேட்டார். தூக்குக்குண்டுப்படி சரியில்லை என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

இரண்டாம் மாடி சி வீட்டை வாங்கியிருப்பவர் புனிதவதி டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். முப்பத்தோரு வருடம் வாடகை வீடு. ஆவணி பன்னிரண்டு, அதாவது இருபத்தெட்டாம் தேதி, பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார். நான் போகுமிடமெல்லாம் நோட்டோடு பின்னால் வந்தார். நான் சொல்லச் சொல்லத் தானும் எழுதிக்கொண்டார். என்னையும் நம்பவில்லை. நல்ல பழக்கம்.

முப்பத்தெட்டுக் குறை. கீசர் பாயிண்டுக்கு எர்த் இல்லை, அது உயிர் விஷயம். ஜன்னல் ஓரத்தில் சிலிக்கான் பூச்சு விட்டுப் போயிருக்கிறது, ஒரு மழைக்குச் சுவர் ஊறும். கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் மூலையில் சாய்வாக ஒரு விரிசல்.

முப்பத்தெட்டாவதுதான் என்னை உறுத்துகிறது. பொதுக் குளியலறைக் கூரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். மேல்வீட்டுக் குழாய் அங்கேதான், பொய்க்கூரைக்கு மேலே, 'பெண்ட்' வைத்து வளைந்து திரும்புகிறது. போன சனிக்கிழமை இதே இடத்தை நானே சோதித்தேன், காய்ந்திருந்தது. அப்படியென்றால் இந்த ஏழு நாளில் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள்.

படியேறும்போது மூன்றாம் மாடி சி வீட்டிலிருந்து மயில்சாமி வெளியே வந்தார். தலை ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

ஆள் இல்லாத வீட்டில் அவருக்கு என்ன குளியல்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடுமுறை என்றும் பாராமல் சைட்டுக்குப் போனேன். சிங்கப்பூர்க்காரர் வீட்டுக்கு பில்டரிடம் ஒரு சாவி, என்னிடம் ஒன்று. பொதுக் குளியலறைக் குழாய்த் திருகில் மெல்லிசாக ஒரு செல்லோ டேப் ஒட்டிவிட்டு வந்தேன். திருகினால் அறுந்துவிடும்.

வசந்தாமணியிடம் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஆகஸ்ட் 11, திங்கள்

டேப் அறுந்திருந்தது. ஜன்னல் மேட்டில் ஒரு சிவப்பு சோப்புத் துண்டும் இருந்தது. படம் எடுத்தேன்.

மயில்சாமியைக் கேட்டேன். மறுக்கவில்லை. "லேபர் பாத்ரூம்ல தண்ணி வர்றதில்லீங் சார். சாயங்காலம் ரெண்டு சொம்பு ஊத்திக்கறனுங். ஓனர் வர்றவரைக்குந்தானுங்." பிறகு அவரே சொன்னார், "கீழ கசியறது அதனால இல்லீங். எங்கியோ அடைச்சு எதுக்களிக்குது. ஒரு வார்த்தை சொல்லுங், பெண்டக் கழட்டிப் பாத்துர்றனுங்."

தப்புச் செய்தவனே துப்பறியவும் வருகிறான். வேண்டாம் என்றேன்.

ரிப்போர்ட்டில் எழுதிய வரி: 'மேல்வீட்டுக் குளியலறையை பிளம்பர் அனுமதியின்றிப் பயன்படுத்தி வருகிறார். குழாய் இணைப்பு அவரால் சரியாக ஒட்டப்படாததால் கீழ்வீட்டில் கசிவு.' சோப்புப் படத்தையும் சேர்த்தேன். டீச்சருக்கும் பில்டருக்கும் அனுப்பிவிட்டேன்.

இணைப்பை நான் கண்ணால் பார்க்கவில்லைதான். பொய்க்கூரையைப் பிரிக்க வேண்டும். ஆனால் அனுபவம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

ஆகஸ்ட் 13, புதன்

கௌதமன் போன் செய்தான். மயில்சாமியை நிறுத்திவிட்டார்களாம். "பராமரிப்பு வேலைக்கும் வேற ஆளப் பாத்தாச்சு சார். உங்க ரிப்போர்ட்டத்தான் எம்.டி.கிட்ட காட்டினேன்" என்றான். குரலில் சிரிப்பு இருந்தது.

நான் பார்த்ததைத்தான் எழுதினேன். வேலையை விட்டு எடுங்கள் என்று எழுதவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூக்கம் சரியில்லை. கொசு.

ஆகஸ்ட் 16, சனி

மயில்சாமியிடமிருந்து இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. கெஞ்சுவார். இல்லாவிட்டால் திட்டுவார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

டீச்சர் வீட்டை மறுபடி பார்த்தேன். ஈரம் போய்விட்டது. மானி ஒரே சீராகக் காய்ந்த அளவையே காட்டுகிறது. ஆள் போனான், ஈரமும் போனது. "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த மாதிரி இருக்கே சார்" என்றான் கௌதமன். எனக்குக் காக்காய் மேலும் நம்பிக்கை இல்லை, பனம்பழத்தின் மேலும் இல்லை. நான் எழுதியது சரி என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும். மூன்றாம் மாடி சி வீட்டில் இன்று மூன்று பெண்கள் ஆசிட் போட்டுத் தரை கழுவினார்கள். பொதுக் குளியலறையில் மட்டும் இருபது பக்கெட்டாவது போயிருக்கும். அது சலசலவென்று வடிந்துவிட்டது. கீழே ஒரு சொட்டு இல்லை.

இணைப்பு மோசம் என்றால் இருபது பக்கெட்டுக்குக் கசிய வேண்டாமா? புது ஆள் வந்து ஒட்டியிருப்பான். கௌதமனைக் கேட்டேன். புது ஆள் வியாழக்கிழமைதான் வருகிறானாம்.

ஆகஸ்ட் 20, புதன்

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் கொடிக்கயிற்றில் கிளிப்பச்சைத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. சும்மா எண்ணினேன். ஏழு.

நான்காம் எண் ஓரத்தில் கிடந்தது. எண் மங்கியிருந்தது, ஆனால் என் கையெழுத்து. அழுக்குப் பிடித்துக் கருத்திருந்தாலும் துவைத்திருந்தது.

"மயில்சாமின்னு ஒருத்தர் வந்தாருங்க" என்றாள் வசந்தாமணி. "சார் சாமான் ஒண்ணு மேல்வீட்டுக் குழாய் பெண்டுல சிக்கிக் கெடந்துச்சுங்க, கடைசி நாள் எடுத்தனுங்கன்னு தொவைச்சுக் கொண்டாந்து குடுத்தாரு. அந்த இன்ஜினியர் கிட்டக் கொண்டுபோய்க் காட்டுனாராமா. கந்தலெல்லாம் இங்க கொண்டாராதேன்னு முடுக்கித் தொரத்திட்டானாமா. உங்களுக்கும் ரெண்டு தடவ போன் பண்ணினாராமா, நீங்க எடுக்கலையாமா."

"வேற என்ன சொன்னான்?"

"ஒண்ணுஞ் சொல்லலீங். எங்க வேலைன்னு கேட்டேன், தேடிட்டிருக்கறனுங்கன்னாரு. மோர் குடிச்சாரு. குழாய் சொட்டற சத்தங் கேட்டுப் பின்னால போய்ப் பாத்தாரு. பாக்கெட்ல இருந்து ஒரு வாஷர் எடுத்துப் போட்டு விட்டுட்டுப் போனாருங்க."

கொல்லைக் குழாயைப் போய்ப் பார்த்தேன். சொட்டவில்லை.

இது ஒரு ஜோடனை. முதல் நாள் ஹோஸ் பிடித்தவன் அவன்தானே, என் பையிலிருந்து எடுத்திருப்பான். பிற்பாடு உதவும் என்று வைத்திருந்திருப்பான். துவைத்து வேறு கொண்டுவந்திருக்கிறான், என்ன நடிப்பு. வசந்தாமணியிடம் இதைச் சொன்னேன். அவள் துணிகளை எடுத்து மடித்தாள்.

"ரெண்டு வாரமா நாந்தான் எடுத்தேன்னீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் படங்களைத் திறந்தேன். நான் எடுத்தவை.

முதல் தேதி, பதினொன்று நாற்பத்திரண்டு. பொதுக் குளியலறை ஓட்டை. உள்ளே அமுங்கிக்கொண்டிருக்கும் துணியின் முனையில் எண் 4 தெளிவாகத் தெரிகிறது. அமுக்குகிற கை என் கை. இரண்டாம் தேதி, பன்னிரண்டு ஐந்து. அதே ஓட்டை. வெளியே எடுத்து வைத்த துணி ஒன்றே ஒன்று, எண் 3. மற்ற இரண்டு ஓட்டைகளின் பக்கத்திலும் இரண்டிரண்டு கிடக்கின்றன.

ஆழத்தில் இருந்ததை நான் எடுக்கவே இல்லை. மேல்துணியை உருவியதும் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதனால்தான் தண்ணீர் மெதுவாக வடிந்தது. சிமெண்ட் என்று எழுதினேன். அவர் கழற்றிப் பார்க்கிறேன் என்று சொன்னபோதெல்லாம் தொடாதே என்றேன். இரண்டு தடவை. பிறகு அவர் மேலேயே எழுதினேன்.

படம் பொய் சொல்லாது என்று எத்தனை இன்ஜினியர்களின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அந்தப் படமே இன்று என்னைக் காட்டிக்கொடுத்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் எழுதினால் கௌதமன் அதைக் கொடியாகக் கட்டிக்கொண்டு ஆடுவான். இந்த ஆள் துணியையே மறந்தவன், இவன் சொன்ன எர்த்தும் விரிசலும் எதற்கு என்பான். டீச்சரின் கீசர் அப்படியே இருக்கும். இந்தக் காரணம் நியாயமாகத்தான் இருக்கிறது. நியாயமாக இருப்பதுதான் எனக்கு உதைக்கிறது. மற்றவர்கள் இப்படி ஒரு காரணம் சொன்னால் நான் உடனே அடியில் தட்டிப் பார்ப்பேன்.

டீச்சரின் வாடகை வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் நோட்டை எடுத்து முப்பத்தெட்டாம் எண்ணை அடித்தார்.

"அப்ப மத்த முப்பத்தேழு?"

"அது அத்தனையும் இருக்குதுங்க."

"ஒவ்வொண்ணா எல்லார் முன்னாடியும் காட்டுவீங்களா?"

"காட்டறனுங்க."

"அப்ப எழுதுங்க. அந்த மயில்சாமியையும் வரச் சொல்லுங்க. அவர் எந்த எடத்துல எடுத்தார்னு நானே பாக்கணும். உங்க வார்த்தைய மட்டும் நம்பி நான் எதையும் அடிக்கிறதா இல்ல."

ஏற்கெனவே அடித்துவிட்டாரே என்று நான் சொல்லவில்லை.

மயில்சாமிக்கு போன் செய்தேன். இந்தத் தடவை அவர் எடுக்கவில்லை. நான்கு தடவை.

ஆகஸ்ட் 23, சனி

அன்னூருக்கு பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடிக்கப் பத்து மணியாகிவிட்டது. அவர் வாசலில் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டார். ஓரமாக இரண்டு பெட்டிகள் கட்டியபடியே இருந்தன. கோயமுத்தூருக்குக் கிளம்பக் கட்டியவை, இன்னும் பிரிக்கவில்லை.

மூன்று வரி யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "துணி என்னுதுதானுங்க. நான்தான் விட்டுட்டேன்" என்றேன்.

"தெரியுமுங்" என்றார் தலை நிமிராமல். "அன்னிக்கே நம்பரப் பாத்தனுங். சார் வேணும்னு பண்ணியிருக்க மாட்டாருன்னு நெனச்சனுங். போன எடுக்காத இருந்தப்பத்தானுங் கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு."

ஆகஸ்ட் 25, திங்கள்

திருத்திய ரிப்போர்ட்டை நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'கசிவுக்குக் காரணம், சோதனையின்போது ஆய்வாளர் குழாயில் விட்டுச் சென்ற துணி. பிளம்பரின் வேலையில் குறை இல்லை. அவர் மீது எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.' கௌதமன் அதை மேஸ்திரி, வாட்ச்மேன், கழுவுகிற பெண்கள் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். நான் நின்றேன்.

பிறகு நான்கு மணி வரை முப்பத்தேழையும் காட்டினேன். டெஸ்டரைக் கீசர் பாயிண்டில் வைத்தபோது அவன் சிரிப்பு நின்றது. டீச்சர் கேட்டபடி வந்திருந்த மயில்சாமி பொய்க்கூரையை இறக்கி, வளைவைக் கழற்றி, இங்கேதான் என்று விரலால் காட்டினார். துணி அடைத்து நின்ற தண்ணீர் வளைவின் சோதனை மூடி ஓரமாகத்தான் கசிந்திருக்கிறது. அவர் ஒட்டிய இணைப்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது. வந்திருந்த புது பிளம்பரே, "நல்ல கை வேலைங்" என்றான்.

மயில்சாமி மறுபடி வேலைக்கும் அந்தக் கீழ் அறைக்கும் வருகிற வரைக்கும் சாவி வாங்கிக் கையெழுத்துப் போடுவதில்லை என்றார் டீச்சர். குறித்த நாள் போய்விடுமே என்றான் கௌதமன். "முப்பத்தோரு வருஷம் காத்திருந்தேன் தம்பி" என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பால் பொங்கியது. கீசருக்கு எர்த் வந்துவிட்டது. மயில்சாமி கீழ் அறையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். வசந்தாமணி அவர் மனைவியோடு வெகு நேரம் பேசினாள். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

செப்டம்பர் 8, திங்கள்

அதே கட்டடம், நான்காம் மாடி ஏ வீடு. கேட்டிலேயே மயில்சாமி நின்றார். வணக்கம் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

"துணிங் சார்."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாட்ச்மேன் மேஜை மேல் ஒவ்வொன்றாக விரித்து எண்ணினார். வருகை நோட்டில் என் பெயருக்கு நேரே 'துணி 7' என்று எழுதினார். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு காலம் நான் மற்றவர்களை இப்படித்தான் நிற்க வைத்திருக்கிறேன் போல. கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

தேக்கிய தண்ணீரைத் திறந்துவிட்டுச் சாயங்காலம் இறங்கியபோது கேட்டில் மயில்சாமி இல்லை. இரண்டாவது பிளாக்கில் மோட்டார் பார்க்கப் போயிருக்கிறாராம். "நீங்க போங் சார், ஒண்ணும் இல்லீங்" என்றான் வாட்ச்மேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் பையிலேயே இரண்டு தடவை எண்ணியிருந்தேன். இருந்தாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இதுக்காகவா இருந்தீங்? போயிருக்கலாமில்லீங் சார்."

"எண்ணுங்க" என்றேன்.

ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மங்கிப்போன எண்ணின் மேல் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவால் பட்டையாக மறுபடி எழுதினார். பிறகு ஐந்து, ஆறு, ஏழு.